முழங்கால் உறை (நீ கேப்) வாங்கும் முன் பாப்பாவைப் படியிலிருந்து குதிக்கச் சொல்லிப் பாருங்கள்

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அப்பா கேட்டிருந்தார்: "என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள், வயது 14. பள்ளிக் கபடி டீமில் ரெய்டர். அவளுக்கு ஒரு வருடம் மூத்த இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே சீசனில் முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. ஒருத்திக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருக்கிறாள். எங்கள் வீட்டில் எல்லோரும் 'போதும், நிறுத்து' என்கிறார்கள். பாப்பா அழுகிறாள். நல்ல நீ கேப் வாங்கிக் கொடுத்தால் போதுமா, இல்லை விளையாட்டையே நிறுத்திவிடலாமா?"

வணக்கம் அண்ணே. நான் மதுரையில் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள்தான். உங்கள் இரண்டு கேள்விக்கும் என் பதில் ஒன்றே: வேண்டாம். விளையாட்டை நிறுத்த வேண்டாம், நீ கேப்பை நம்பவும் வேண்டாம். இந்தக் காயத்தில் பெரும்பகுதியை வராமலே தடுக்கலாம். அதற்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் கால் மணி நேரம் போதும். பிள்ளைகள் செய்வதைக் கூட நின்று கவனிக்க ஒரு பெரியவரும் வேண்டும். ஏன் அப்படி என்று விவரமாகச் சொல்கிறேன். பொறுமையாகப் படித்துவிட்டு அவர்கள் பி.டி. ஆசிரியரிடமும் காட்டுங்கள்.

முதலில், எது கிழிகிறது? நம் ஊரில் ஜவ்வு என்ற ஒரே சொல்லால் இரண்டு பொருளைச் சொல்கிறோம். எலும்பை எலும்போடு கட்டி வைத்திருக்கும் நார் ஒன்று. இரண்டு எலும்புக்கும் நடுவில் பிறை வடிவில் மெத்தைபோல் கிடக்கும் குருத்தெலும்பு இன்னொன்று. அந்தப் பிள்ளைகளுக்குப் போனது அநேகமாக முதல் வகையில் டாக்டர்கள் ஏ.சி.எல். என்று சொல்லும் நாராக இருக்கும். மூட்டின் உள்ளே, நட்ட நடுவில், குறுக்காக ஓடுகிறது. நீளம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர், அகலம் 1 சென்டிமீட்டர். ஓடி நிற்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும் கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல், திருகிக்கொள்ளாமல் இழுத்துப் பிடித்திருப்பது இத்துனூண்டு நார்தான். முழுக்க அறுந்துவிட்டால் பழையபடி தானாகச் சேர்வது அரிது.

அது அறுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் பள்ளிகளுக்கு இடையே நடந்த ஒரு குறுவட்டப் போட்டி. கோட்டுக்கு வெளியே பத்தடி தள்ளி ஐஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். காலையிலிருந்து அந்த டீமுக்கு அது மூன்றாவது மேட்ச். ரெய்டு போன பிள்ளை போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டு, இடது காலை ஊன்றி உடம்பை வலப்பக்கம் திருப்பினாள். பக்கத்தில் ஆளே இல்லை. கார்னரில் நின்றவள் கையை நீட்டினாலும் எட்டாத தூரம். ஊன்றிய கால் மடங்காமல் கிட்டத்தட்ட நேராக இருந்தது. பாதம் தரையில் அப்படியே நிற்க, முட்டி மட்டும் உள்பக்கமாகச் சரிந்தது. காய்ந்த விறகை ஒடித்ததுபோல் ஒரு சத்தம், நான் நின்ற இடத்துக்குக் கேட்டது. அந்தப் பிள்ளை 'கபடி கபடி' என்று இன்னும் இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். கூட்டத்தில் முதலில் எழுந்த கேள்வி, "யாரு தள்ளுனது?"

யாரும் தள்ளவில்லை. விளையாட்டில் வரும் ஏ.சி.எல். காயங்களில் ஏறத்தாழ 70 சதவீதம் இப்படித்தான் வருகிறது. ஒருவர் மேலும் மோதாமல், ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தும்போது, திசை திரும்பும்போது, குதித்து இறங்கும்போது நடக்கிறது. கபடியில் பிடி இருப்பதால் மோதிக் கிழிவதும் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். காயம் நடந்த வீடியோக்களை பிரேம் பிரேமாகப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்கள், பாதம் தரையைத் தொட்டு 40, 50 மில்லி செகண்டுக்குள் நார் அறுந்துவிடுகிறது என்கிறார்கள். ஒரு செகண்டை இருபது பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் யோசித்துக் காலைத் திருத்திக்கொள்ள எந்தப் பிள்ளையாலும் முடியாது. "பாத்து ஆடு புள்ள" என்று கோட்டுக்கு வெளியே நின்று நாம் கத்துவது அவளுக்கு உதவாது. நீச்சல் தெரிந்தவன் கிணற்றில் விழுந்தால் யோசித்தா கை வீசுகிறான்? அதுபோல, கால் எப்படி ஊன்ற வேண்டும் என்பது உடம்பில் முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும். பழக்கலாம் என்பதுதான் உங்களுக்கு நான் சொல்ல வந்த நல்ல சேதி.

இன்று சாயங்காலம் ஒரு வேலை செய்யுங்கள். வாசற்படியோ திண்ணையோ, தரையிலிருந்து ஓரடி உயரம் போதும். முட்டி தெரிகிற மாதிரி டிராயர் போட்டுக்கொள்ளட்டும். எதிரில் ஏழெட்டு அடி தள்ளி, போனை ஒரு செங்கலில் சாய்த்து, முட்டி உயரத்தில், ஸ்லோமோஷனில் வையுங்கள். பாப்பா படியிலிருந்து இரண்டு காலையும் ஒன்றாக ஊன்றி இறங்கி, இறங்கிய வேகத்திலேயே முடிந்த உயரத்துக்கு எம்பட்டும். மூன்று முறை. நீங்கள் ஒன்றும் சொல்லிக்கொடுக்காதீர்கள், அவள் போக்கில் விடுங்கள்.

பிறகு வீடியோவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பாதம் தரையில் பட்ட கணத்தில் இரண்டு முட்டிச் சில்லும் நேராக முன்னால் பார்க்கிறதா, இல்லை ஒன்றையொன்று பார்த்து உள்ளே திரும்புகிறதா? பத்துப் பிள்ளைகளை வரிசையாகக் குதிக்கவிட்டால் பலருக்கு உள்ளே திரும்புவதைப் பார்க்கிறேன். அடுத்து, சத்தம். 'தொம்' என்று விழுகிறாளா, பூனை மாதிரி இறங்குகிறாளா? தொம் என்ற சத்தம் வந்தால் தசை வாங்க வேண்டிய அடியை எலும்பும் நாரும் வாங்குகிறது என்று பொருள். முட்டியும் இடுப்பும் நன்றாக மடங்குகிறதா, குச்சியைக் குத்தியதுபோல் விறைப்பாக நிற்கிறதா என்றும் கவனியுங்கள். இரண்டு பாதமும் ஒரே நேரத்தில் தரையைத் தொடுகிறதா, ஒரு கால் முந்துகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அதன்பிறகு ஒற்றைக் காலில் இறங்கி மூன்று எண்ணும்வரை அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் நிற்பாள், மறுபக்கம் தள்ளாடுவாள். எந்தக் காலில் அதிக வேலை இருக்கிறது என்று அங்கே தெரிந்துவிடும்.

ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். முட்டி உள்ளே திரும்பினால் ஜவ்வு கிழியப்போகிறது என்று அர்த்தம் இல்லை. நேராக இருந்தால் பயிற்சி வேண்டாம் என்றும் அர்த்தம் இல்லை. ஜாதகம் பார்ப்பதற்காக இதைச் சொல்லவில்லை. எதைத் திருத்த வேண்டும் என்று உங்கள் கண்ணுக்கும் அவள் கண்ணுக்கும் தெரிய வேண்டும், அவ்வளவுதான். வீடியோவை அவளிடமே காட்டுங்கள். "முட்டி, கால் இரண்டாவது விரலுக்கு நேரா இருக்கணும். சத்தம் வரக் கூடாது" என்று இரண்டே வாக்கியம் சொல்லிவிட்டு மறுபடி குதிக்கச் சொல்லுங்கள். நாலாவது அஞ்சாவது தடவையிலேயே மாற்றம் தெரியும். ஆனால் களைத்துப்போனாலோ எதிரில் ஆள் நின்றாலோ பழைய பழக்கம் திரும்பிவிடும். அதனால்தான் வாரக்கணக்கில் செய்ய வேண்டியிருக்கிறது.

பெண் பிள்ளைகளுக்கு ஏன் இது அதிகம் என்று வீட்டில் கேட்பார்கள். ஓடித் திரும்பிக் குதிக்கும் ஒரே விளையாட்டை ஆடும் ஆண் பிள்ளைகளைவிட இவர்களுக்கு ஏ.சி.எல். காயம் இரண்டு மடங்குக்கும் மேல் வருகிறது என்பது உண்மை. பருவமடையும் வயதை ஒட்டிக் கால் எலும்பு மளமளவென்று நீள்கிறது, எடையும் ஏறுகிறது. ஆண் பிள்ளைகளுக்கு அந்த வயதில் தசை வலுவும் சேர்ந்தே ஏறிவிடுகிறது. பெண் பிள்ளைகளுக்குப் பின்தொடைத் தசையும் இடுப்புத் தசையும் அதே வேகத்தில் ஏறுவதில்லை. இறங்கும்போது முன்தொடைத் தசையை மட்டும் நம்பி, காலை நேராக வைத்து நின்றுவிடுகிறார்கள். முன்தொடை கீழ்க்கால் எலும்பை முன்னால் இழுக்கிறது. பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டிய தசை சோம்பிக் கிடக்கிறது. மிச்ச வேலை முழுவதும் அந்த 3 சென்டிமீட்டர் நாரின் தலையில் விழுகிறது.

இதில் நம் பங்கும் இருக்கிறது என்று எனக்கு வருத்தம் உண்டு. பத்து வயதுவரை பாண்டி, நொண்டி, கண்மாய்க் கரையிலிருந்து குதிப்பது என்று ஓடித்திரிந்த பிள்ளையை, பெரியவளானதும் உட்கார வைக்கிறோம். சரியாக உடம்பு மாறுகிற, புது உயரத்துக்கும் புது எடைக்கும் கால் பழக வேண்டிய அந்த இரண்டு வருடம் அவள் குதிக்கவே இல்லை. பிறகு ஒன்பதாம் வகுப்பில் "டீமுக்கு ஒரு ஆள் குறையுது" என்று கூப்பிட்டு, பத்து நாள் பயிற்சியில் நேராகக் குறுவட்டத்துக்கு அழைத்துப் போகிறோம். அந்தக் கால் எதை வைத்துத் தாங்கும்? விளையாட்டை நிறுத்த வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நிறுத்திவிட்டு ஒரு வருடம் கழித்து மனம் மாறி அனுப்பினால், இன்றைவிட அதிக ஆபத்தோடு அனுப்புவீர்கள்.

தடுக்க முடியும் என்பதை எதை வைத்துச் சொல்கிறேன்? 2012-இல் வெளியான சுவீடன் ஆய்வில் 12 முதல் 17 வயதுவரை உள்ள 4,564 கால்பந்து ஆடும் பெண்கள் இருந்தார்கள். ஒரு பாதி கிளப்புகள் வழக்கம்போல் பயிற்சி செய்தன. மறுபாதி வாரத்தில் இரண்டு நாள் 15 நிமிடம் முட்டிக்கான பயிற்சியைச் சேர்த்துக்கொண்டன. அந்த மறுபாதியில் ஏ.சி.எல். காயம் 64 சதவீதம் குறைந்தது. கால்பந்தின் உலக அமைப்பான ஃபிஃபா 2006-இல் '11 பிளஸ்' என்று 20 நிமிட வார்ம் அப் ஒன்றை உருவாக்கியது. நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் அதைச் சோதித்து 2008-இல் வெளியிட்டபோது, மொத்தக் காயங்கள் மூன்றில் ஒரு பங்கும் பெரிய காயங்கள் ஏறத்தாழப் பாதியும் குறைந்திருந்தன. இரண்டிலும் கருவி கிடையாது, ஜிம் கிடையாது. யார் விடாமல் செய்தார்களோ அவர்களுக்குத்தான் முழுப் பலன். இளவயதில் தொடங்கினால் பலன் இன்னும் கூடுதல், பாப்பாவின் 14 வயது இதற்கு ஏற்ற வயது.

இனி அந்தக் கால் மணி நேரத்தில் என்ன செய்வது? நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்ததை வைத்தே தொடங்கலாம்.

பஸ்கி எல்லோருக்கும் தெரியும். பிள்ளையார் முன்னால் போடும் தோப்புக்கரணமும் உட்கார்ந்து எழுவதுதான். அதை இருபது, முப்பது என்று எண்ணிக்கைக்காக வேகமாகப் போடாமல், பத்துப் போட்டாலும் முட்டி விரலுக்கு நேராக, குதிகால் தரையை விட்டு எழாமல், முதுகை வளைக்காமல் மெதுவாகப் போட வேண்டும். ஜோடியாக எதிரெதிரே நின்று ஒருத்தி முட்டியை மற்றவள் பார்த்துச் சொல்லலாம். இரண்டு வாரம் சரியாக வந்தபின், சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் பாதி உட்கார்ந்து எழலாம்.

நொண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கட்டம் நொண்டியடித்து மூன்றாவதில் இறங்கி அப்படியே சிலைபோல் நிற்க வேண்டும், மூன்று எண்ணும்வரை. முன்னால் போவது பழகியதும் பக்கவாட்டில், பிறகு கால்வட்டம் திரும்பி இறங்குவது. கபடியில் கால் பெரும்பாலும் கிழிவது பக்கவாட்டிலும் திரும்பும்போதும்தான். ஆகவே நேராகக் குதிப்பதை மட்டும் பழகி நிறுத்திவிடக் கூடாது. இரண்டு காலாலும் எம்பிக் குதித்துச் சத்தமில்லாமல் இறங்குவது ஒரு பத்துத் தடவை. எம்பும்போது பக்கத்தில் நிற்பவள் தோளில் லேசாக இடித்துவிட, அப்போதும் முட்டி நேராக இறங்குவது அதன் அடுத்த படி.

பின்தொடைக்கு ஒரு பயிற்சி இருக்கிறது, இதை மட்டும் தவறவிடாதீர்கள். பாயை மடித்துப் போட்டு அதில் முழங்காலிட்டு நிற்க வேண்டும். பின்னால் ஒருத்தி உட்கார்ந்து இரண்டு கணுக்காலையும் அழுத்திப் பிடித்துக்கொள்வாள். முழங்காலிலிருந்து தலைவரை உடம்பை ஒரே கோடாக வைத்து, முடிந்த அளவு மெதுவாக முன்னால் சாய வேண்டும். தாங்க முடியாத இடத்தில் கையை ஊன்றிக்கொள்ளலாம். முதல் வாரம் மூன்று தடவை போதும். மறுநாள் பின்தொடை வலிக்கும், இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். பாதி வழியில் தொப்பென்று விழுந்தவர்கள் ஆறு வாரத்தில் தரைக்கு ஒரு சாண்வரை தாங்கி இறங்குவதைப் பார்க்கும்போது எனக்கு ஏற்படும் சந்தோஷத்தை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. இதோடு, முழங்கையை ஊன்றிப் பலகைபோல் நேராகவும் பக்கவாட்டிலும் நிற்பதை இருபது இருபது செகண்டு சேர்த்துக்கொண்டால் இடுப்பும் வயிறும் தயாராகிவிடும்.

கடைசியில் ஓட்டம். வேகமாக ஓடிவந்து விசில் அடித்ததும் நிற்க வேண்டும். ஒரே எட்டில் கால் ஊன்றி பிரேக் போடக் கூடாது. சின்னச் சின்னதாக மூன்று எட்டு வைத்து, இடுப்பைத் தாழ்த்தி, முட்டியை மடக்கி நிற்க வேண்டும். பிறகு கோணலாகத் திரும்பி ஓடுவது.

"நேரம் எங்க இருக்கு?" என்பார் பி.டி. ஆசிரியர். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே ஆள், பத்தாம் வகுப்பு வந்தால் அந்தப் பீரியடும் கணக்குக்குப் போய்விடும். அதனால் நான் கூடுதல் நேரம் கேட்பதே இல்லை. "கிரவுண்டை நாலு ரவுண்டு ஓடிட்டு வாங்க" என்று தொடங்கும் அந்தக் கால் மணி நேரத்தை மட்டும் எனக்குக் கொடுங்கள் என்பேன். நாலு ரவுண்டு ஓடுவதால் உடம்பு சூடாகும், முட்டி ஒன்றும் கற்றுக்கொள்ளாது. நின்ற இடத்தில் காலை நீட்டிப் பிடித்து இழுப்பதால் மட்டும் இந்தக் காயம் குறைவதும் இல்லை. பள்ளி திறக்கும் ஜூனிலேயே தொடங்கிவிட்டால் போட்டி சூடுபிடிப்பதற்குள் ஆறு, எட்டு வாரம் கிடைத்துவிடும். மேட்ச் தொடங்கியதும் பலர் விட்டுவிடுகிறார்கள், அது தவறு. சீசன் முழுக்க வாரத்தில் இரண்டு நாளாவது தொடர வேண்டும்.

கபடிக்கென்று தனியாகச் சில உண்டு. ரெய்டர் மாட்டுவது பெரும்பாலும் கணுக்கால் பிடியில். ஒருத்தி காலைப் பிடித்துக்கொண்டிருக்க, கைகோத்துச் செயினாக வரும் இரண்டு பேர் வெளிப்பக்கத்திலிருந்து மோதும்போது, ஊன்றிய கால் நேராக இருந்தால் முட்டி போகிறது. பிடிபட்ட கணத்தில் இடுப்பைத் தாழ்த்து, ஊன்றிய காலை மடக்கு, முட்டியைக் கோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு இழு என்று மெதுவான வேகத்தில் நூறு தடவை பழக்க வேண்டும். தப்பிக்க முடியாது என்று தெரிந்தால் காலை விறைக்காமல் உடம்போடு சேர்ந்து விழத் தெரிய வேண்டும். பிடிக்கிற பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்: ஊன்றி நிற்கும் காலின் முட்டியில் பக்கவாட்டில் தோளைக் கொண்டுபோய் இடிக்காதே, தொடையைக் கட்டு. நம் டீமுக்குள் நடக்கும் பயிற்சியிலேயே ஒருத்தி முட்டியை இன்னொருத்தி உடைத்துவிடுகிறாள், அது பெரிய கொடுமை.

தரையையும் பாருங்கள். உங்கள் மேலூர்ப் பக்கம் செம்மண், தண்ணீர் தெளித்துச் சமன் செய்தால் நல்ல தரை, சரளைக் கல்லை மட்டும் பொறுக்கிவிட வேண்டும். திருமங்கலம், பேரையூர் பக்கத்துக் கரிசலில் கோடையில் பாளம் பாளமாக வெடிப்பு விடும், பாதம் சிக்கினால் முட்டி தனியாகத் திரும்பும். இன்னொரு சிக்கல் மேட், அதாவது பெரிய போட்டிகளில் களத்தில் போடும் விரிப்பு. வருடம் முழுக்க மண்ணில் வெறுங்காலில் ஆடிய பிள்ளை, மாவட்டத்திலோ மாநிலத்திலோ போய் முதல் தடவையாக மேட்டில், முதல் நாள் வாங்கிய ஷூவோடு இறங்குகிறாள். மண்ணில் திரும்பினால் பாதம் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். மேட்டில் ஷூ பசைபோல் பிடித்துக்கொள்ளும். பாதம் நின்றுவிட, உடம்பு திரும்பிவிட, நடுவில் இருப்பது முட்டிதானே. போட்டிக்குப் பத்து நாள் முன்னதாகவே அந்த ஷூவைப் போட்டு, முடிந்தால் மேட் உள்ள இடத்தில், பாதி வேகத்தில் திரும்பிப் பழகட்டும்.

நீ கேப் விஷயம். கடையில் கிடைக்கும் எலாஸ்டிக் உறை முட்டியைச் சூடாக வைக்கும், பிடிமானம் இருப்பதுபோல் தோன்றும், விழுந்தால் தோல் உரியாது. உள்ளே எலும்பு திருகுவதை அந்தத் துணியால் நிறுத்த முடியாது. பாப்பா ஆசைப்பட்டால் வாங்கிக் கொடுங்கள், தவறில்லை. அதைப் போட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் பயிற்சியை விட்டுவிடக் கூடாது.

ஓய்வும் மருந்துதான். பள்ளி டீம், ஊர் கிளப், திருவிழாவுக்கு லைட் போட்டு விடிய விடிய நடக்கும் கபடி என்று மூன்று பக்கமும் இழுக்கிறார்கள். நன்றாக ஆடும் பிள்ளையைத்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள், அவள்தான் அதிகம் அடிபடுவாள். வாரத்தில் ஒரு நாளாவது ஆட்டமே இல்லாமல் இருக்கட்டும். இந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் தேவை. எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கும் இளம் விளையாட்டுப் பிள்ளைகளுக்குக் காயம் 1.7 மடங்கு வருவதாக 2014-இல் ஓர் ஆய்வு சொன்னது. காலையில் வெறும் டீயைக் குடித்துவிட்டுப் பயிற்சிக்கு ஓடவிடாதீர்கள். முட்டை, பயறு, நிலக்கடலை, கீரை என்று சாப்பாடு இருக்கட்டும். மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு மேல் நின்றுபோனால், விளையாடுகிற பிள்ளை அப்படித்தான் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டச் சொல்லி அவள் அம்மாவிடம் சொல்லிவையுங்கள். உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு போகவில்லை என்பதற்கு அது ஓர் அறிகுறி.

இவ்வளவுக்கும் பிறகு அடிபட்டுவிட்டால்? 'டப்' என்ற சத்தமோ, முட்டி நழுவிய உணர்வோ வந்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முட்டி பந்துபோல் வீங்கினால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. அன்றைக்கு மறுபடி கோட்டுக்குள் இறக்கவே கூடாது. துணியில் சுற்றிய ஐஸ், கிரேப் பேண்டேஜ், காலை உயர்த்தி வைப்பது, ஊன்றாமல் தூக்கிப் போவது. "சுளுக்குத்தான், எண்ணெய் போட்டு ஒரு உருவு உருவுனா சரியாப்போகும்" என்பவர்களிடம் கொண்டுபோகாதீர்கள். வீங்கிய முட்டியைத் திருகி இழுத்ததால் கூடுதலாகக் கெட்டுப்போன கால்களை நான் பார்த்திருக்கிறேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று ஆறுதல் அடைந்துவிடவும் வேண்டாம். எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், நாரைக் காட்டாது. மூட்டு டாக்டர் கையால் அசைத்துப் பார்த்து, தேவையென்றால் எம்.ஆர்.ஐ. எழுதுவார். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலேயே எலும்பு, மூட்டுப் பிரிவு இருக்கிறது. வீக்கம் வற்றி, வலி போய், பிள்ளை நடக்கத் தொடங்கியதும் ஆட விட்டுவிடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. நார் இல்லாத முட்டி நழுவி நழுவி நடுவில் இருக்கும் மெத்தையையும் கிழித்துவிடும்.

ஆபரேஷன் முடிந்த அந்த அக்காவுக்கும் ஒரு வார்த்தை. ஒன்பது மாதம் முடியாமல் மேட்ச் ஆடவே வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒன்பதாவது மாதம்வரை, திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று 2016-இல் வெளியான நார்வே ஆய்வு காட்டியது. ஆபரேஷனுக்குப் பிறகு களத்துக்குத் திரும்பும் இளம்வயதினரில் நாலில் ஒருவருக்கு அதே காலிலோ மறுகாலிலோ மீண்டும் கிழிகிறது. அதனால் காலக்கணக்கு மட்டும் போதாது, இரண்டு காலின் வலுவும் சமமாக வந்திருக்கிறதா என்று அளந்து பார்த்துத்தான் இறக்க வேண்டும். அவள் மனம் உடைந்திருந்தால் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட்டைப் பற்றிச் சொல்லுங்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் முழங்கால் நார் போய் ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். 2018 ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கினார்.

வீட்டில் உள்ளவர்களுக்கு நீங்கள் என்ன சொல்வது என்று எனக்குப் புரிகிறது, அண்ணே. பயம் நியாயமானது. மதுரைக்குக் கிழக்கே சக்கிமங்கலத்தில் பாட்டி வளர்த்த பிள்ளை ரேவதி வீரமணி. வெறுங்காலில் ஓடத் தொடங்கியவர். பொம்பளப் பிள்ளையை ஓடவிடலாமா என்று கேட்டவர்களைப் பாட்டி ஆரம்மாள் பொருட்படுத்தவில்லை. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். உங்கள் பிள்ளை அழுவது ஆட வேண்டும் என்றுதான். ஆடட்டும், காலைத் தயார்செய்துவிட்டு ஆடட்டும்.

வீடியோவை எடுத்துப் பார்த்துவிட்டு, முட்டி எப்படித் திரும்பியது, எந்தக் காலில் தள்ளாடினாள் என்று எழுதுங்கள். அதை வைத்து எந்தப் பயிற்சியில் தொடங்கலாம் என்று சொல்கிறேன். பி.டி. ஆசிரியர் சரி என்றால், பள்ளி இல்லாத ஒரு சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு நானே வந்து மொத்த டீமுக்கும் ஒரு தடவை செய்துகாட்டுகிறேன். நாலு பாய், ஒரு பெஞ்சு, ஒரு விசில் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு அக்காக்களையும் வரச் சொல்லுங்கள். அவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே தங்கச்சிகளின் முட்டியைப் பார்த்துச் சொல்லட்டும்.